அப்பருக்குக் கரவன் வாசலில் திவசம்

மணக்குதோ தம்பி? குறை நினையாதையும். பெருங்காயம் கொஞ்சம் கூடிப்போச்சு. யன்னலைத் திறப்பமெண்டால் இந்த பஸ்ஸிலை யன்னலும் திறபடாது. சட்டி பானையைக் கீழை பெட்டியளோடை வை எண்டு டிரைவர் என்னோடை சண்டை. நான் விடேல்லை. ஊர்ச் சனத்தின்ரை சூட்கேசுக்கும் சப்பாத்துக்கும் நடுவிலை படையல் சாப்பாட்டை வைக்கலாமோ, நீரே சொல்லும்? மூண்டு மணித்தியாலம்தானே, என்ரை மடியிலை இருக்கட்டும் எண்டிட்டன்.

ஓம், திவசம்தான். இண்டைக்கு எங்கடை அப்பரின்ரை திதி. சோறு, எட்டுக் கறி, வடை, பாயசம். எல்லாம் நான் சமைச்சது. உண்மையாத்தான். விடிய நாலு மணிக்கு எழும்பினனான். இந்தா, கையைப் பாரும். வடை சுடேக்கை எண்ணெய் தெறிச்சது.

என்ரை பேர் குணரத்தினம். லண்டனிலை எங்கடை ஆக்களுக்கு என்னைத் தெரியும். பழைய மாணவர் சங்கத்திலை ஒன்பது வருசம் செயலாளர். ஒண்டை ஒழுங்காச் செய்யோணுமெண்டால் குணத்தாரைக் கூப்பிடுங்கோ எண்டுதான் சொல்லுவினம். போன வருசம் எங்கடை குடும்பத்தை ஹொலிடே காம்புக்குக் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். அதுதான் நான் செய்த விசர் வேலை. இப்ப நான் பானையும் கையுமாப் போறதும் அதே காம்புக்குத்தான். காரோ? காரை மனிசி கொண்டுபோட்டாள். சொல்லுறன், கேளும்.

நாங்கள் பதினொரு பேர். என்ரை தம்பி தயாளன், அவன்ரை மனிசி வதனி, ரெண்டு பிள்ளையள். தங்கச்சி கெங்கா, அவளின்ரை மனுசன், மூண்டு பிள்ளையள். பேந்து நானும் மலரும். தவமலர், என்ரை மனிசி. எங்கடை பிள்ளையள் ரெண்டும் வளந்துபோட்டுதுகள், வரமாட்டம் எண்டிட்டுதுகள். கடற்கரைப் பக்கம், ரெண்டு கரவன், அதுதான் சில்லு வைச்ச வீடு, பக்கத்திலை பக்கத்திலை. குசினி, அடுப்பு, ஃபிரிட்ஜ், எல்லாம் கிடக்கு. நாங்களே சமைச்சுச் சாப்பிடலாம். அதுதான் அதிலை உள்ள வசதி. வெள்ளைக்காரன்ரை அவிச்ச கிழங்குக்கு வரிசையிலை நிக்கத் தேவையில்லை.

நான் பட்டியல் போட்டன். பட்டியல் இல்லாமல் நான் கடைக்கும் போறேல்லை. பத்துக் கிலோ அரிசி, இடியப்ப உரல், தட்டு இருபது, புட்டுக்குழல், தேங்காய் திருவுற திருவலை, கிரைண்டர். தேங்காய் ஏழு, நாளுக்கு ஒண்டு. மலர் தன்ரை சாமானெண்டு ஒரேயொரு சின்னப் பைதான் வைச்சவள். திறந்து பாத்தால் அதுக்குள்ளை ஒரு நீச்சல் உடுப்பு. விலை எழுதின மட்டை கூடக் கழட்டேல்லை. அவள் பருத்தித்துறைப் பிள்ளை, கடலுக்குப் பக்கத்து வீடு. அதுக்காக? "ஐம்பத்தாறு வயசிலை உமக்கேனப்பா இது?" எண்டு எல்லாருக்கும் முன்னாலை கேட்டுச் சிரிச்சனான். அவளும் சிரிச்சவள். சிரிச்சவள் எண்டுதான் நினைக்கிறன்.

சும்மா சொல்லக்கூடாது தம்பி, முதல் ரெண்டு நாளும் அருமையான லீவு. காலமை இடியப்பமும் சொதியும். மத்தியானம் சோறு. பின்னேரம் ரோல்ஸ், தேத்தண்ணி. இரவுக்குப் புட்டு. பிள்ளையள் நீச்சல் குளத்திலை. தயாளன் பிங்கோ விளையாடப் போனவன். கெங்கா வெயிலிலை கதிரையைப் போட்டுக்கொண்டு நித்திரை. நான் காலை நீட்டிக்கொண்டு பேப்பர் பாத்தன். லீவெண்டால் அப்பிடித்தானே இருக்கோணும். பதினொரு பேருக்கும் நல்ல ஓய்வு.

மலரோ? அவள் குசினிக்கை. ரெண்டு கரவனுக்கும் ரெண்டு குசினி, ஆனால் மற்றது கை படாமல் கிடந்தது. வதனி வந்து, "நானும் ஒரு கை குடுக்கட்டோ அக்கா?" எண்டு கேட்டவள். நான்தான் சொன்னன், மலருக்குக் குசினிக்கை வேறை ஆக்கள் நிண்டால் பிடிக்காது எண்டு. மலரைக் கேட்டனோ எண்டோ? இதென்ன தம்பி, இருபத்தொன்பது வருசம் குடும்பம் நடத்தினவனுக்கு இது தெரியாதோ?

கடல் ஐஞ்சு நிமிச நடை. திங்கட்கிழமை போய் இறங்கின உடனை கேட்டவள், "ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வருவமோ?" எண்டு. "கடல் எங்கை ஓடப்போகுது, முதல் தேத்தண்ணியை வையும்" எண்டன். செவ்வாய்க்கிழமையும் கேட்டவள். அண்டைக்கு ரோல்ஸ். ஆக, கடலுக்குப் போக அவளுக்கு நேரம் வரேல்லை.

புதன்கிழமை திவசம். அதையும் பட்டியலிலை சிவப்பு மையாலை எழுதித்தான் வைச்சிருந்தனான். "ஆரண்ணை லீவுக்கு நடுவிலை திவசத்தை வைச்சது?" எண்டு கெங்கா முகத்தைச் சுழிச்சாள். திதியை நானோ வைச்சது? அப்பர் செத்த நாளிலைதானே வரும். வீட்டிலை செய்தால் என்ன, கரவனிலை செய்தால் என்ன, மனந்தான் முக்கியம். அப்பரின்ரை படத்தை டிவிக்கு மேலை வைச்சு மாலையும் போட்டாச்சு. மலர் விடியத் தலைக்குத் தோய்ஞ்சு, பச்சைத் தண்ணியும் குடியாமல் அடுப்படியிலை நிண்டாள். உப்புப் பாக்கக்கூடாதெல்லே. படைச்சு, காகத்துக்கு வைச்சு, காகம் எடுத்த பிறகுதான் மற்ற ஆக்கள் வாயிலை வைக்கலாம். இதிலை நான் சரியான இறுக்கம். காகம் எடுக்காட்டில் செத்தவருக்கு மனத்தாங்கல் எண்டு அர்த்தம். இது நான் சொன்னதில்லை, எங்கடை ஆக்கள் வழிவழியாச் சொல்லுறது.

பன்ரெண்டு மணிக்கு வாழையிலையிலை எல்லாம் போட்டு, கரவன் வாசல் படியிலை வைச்சிட்டு, "கா… கா…" எண்டு கூப்பிட்டன்.

வந்தது காகமில்லை. கடற்பறவையள். வெள்ளையா, ஒவ்வொண்டும் வாத்துப் பருமன். அதுகளுக்குப் பயம் கிடையாது தம்பி, மரியாதை அறவே கிடையாது. ஒண்டு வடையைத் தூக்கிச்சுது. மற்றது பாயசக் கிண்ணத்தைத் தட்டிவிட்டுது. நான் குடையை எடுத்துக்கொண்டு கலைச்சன். ரெண்டாம் இலை போட்டம். அதுவும் போச்சு. மூண்டாம் இலைக்குப் பக்கத்திலை நானே குடையோடை காவலுக்கு இருந்தன். "அண்ணை, நீங்கள் குடையோடை இருந்தால் காகம் என்னெண்டு வரும்?" எண்டான் தயாளன். எழும்பிப் போனால் வெள்ளையள் வந்திடும். அப்ப நான் என்ன செய்யிறது?

ஒரு மணி ஆச்சு. பிள்ளையள் பசியிலை சிணுங்குதுகள். பக்கத்துக் கரவனிலை ஒரு வயசான வெள்ளைக்காரச் சோடி. அந்த மனிசி, தயாளன்ரை சின்னவள் மிதுனாவைக் கூப்பிட்டு, "ஏனம்மா எல்லாரும் சாப்பிடாமல் இருக்கிறியள்?" எண்டு கேட்டிருக்கிறா. ஏழு வயசுப் பிள்ளை, உள்ளதைச் சொல்லிச்சுது. "எங்கடை அப்பப்பா இன்னும் வரேல்லை. அவர் வந்து சாப்பிட்டால்தான் நாங்கள் சாப்பிடலாம்."

பத்து நிமிசத்திலை காம்ப் காவல்காரன் ஒருத்தன் வோக்கி டோக்கியோடை ஓடி வந்திட்டான். வயசான ஒராளைக் காணேல்லையாம், கடற்கரைக்கும் ஆள் அனுப்பிட்டானாம். என்ன நிறத்திலை உடுப்பு எண்டு மிதுனாவைக் கேக்கிறான். "கறுப்பு" எண்டாள். என்ன உயரம் எண்டான். அவள் கையாலை ஒரு சாண் காட்டினாள். தயாளன் சிரிப்புத் தாங்கேலாமல் புல்லிலை குந்திட்டான். தேப்பன்ரை திவசத்திலை சிரிக்கிறவனைத் தம்பியெண்டு சொல்லவும் வெக்கமாக் கிடந்தது. நான் அந்தக் காவல்காரனை இருத்தி, பிதிர்லோகம், திதி, காகம் எல்லாத்தையும் இருபது நிமிசம் விளங்கப்படுத்தினன். அவன் கடைசி மட்டும் தலையாட்டிக் கேட்டான். போகேக்கை, பறவையளுக்குச் சாப்பாடு போடக்கூடாது எண்டு எழுதின பலகை ஒண்டைக் காட்டிப்போட்டுப் போனான்.

ரெண்டு மணி. சிரிக்கிறதெல்லாம் நிண்டுபோச்சு. எனக்கு உள்ளுக்குள்ளை பயம் பிடிச்சிட்டுது தம்பி. ஒளிச்சென்ன, சரியான பயம். அப்பர் என்னோடை கோவமோ? என்னத்துக்குக் கோவம்? கடைசி ஆறு வருசமும் எங்கடை வீட்டிலைதான் இருந்தவர். ராசா மாதிரி வைச்சிருந்தனான். மலர்தான் குளிப்பாட்டி, உடுப்பு மாத்தி, சோறு தீத்தி விடுறது. எனக்கு வேலை, சங்கம், கோயில், எங்கை நேரம்? ஆனாலும் ஒவ்வொரு நாளும் வேலையாலை வந்த உடனை, "அப்பருக்கு எல்லாம் செய்தாச்சோ?" எண்டு கேக்காமல் நான் சாப்பாட்டிலை கை வைக்கிறேல்லை. ஆசுப்பத்திரியிலை கடைசியாக் கதைச்சதும் என்னோடைதான். என்ரை கையைப் பிடிச்சு, "தம்பி, மலர் சாப்பிட்டவளோ?" எண்டு கேட்டார். "ஓமப்பா" எண்டன். கண்ணை மூடினவர்தான். பாத்தீரே? போற நேரத்திலையும் மனுசனுக்குச் சாப்பாட்டு நினைப்பு. அவ்வளவு சாப்பாட்டுப் பிரியன். அதுதான் எட்டுக் கறியிலை ஒண்டு குறையவும் நான் விடுறேல்லை.

கெங்காதான் சொன்னாள், "அப்பாவுக்கு ஏதோ மனக்குறை அண்ணை. ஊரிலை செய்யிற மாதிரி ஆளாளுக்கு ஏதும் வாக்குக் குடுப்பம்" எண்டு. அதுவும் எங்கடை முறைதான். செத்தவர் என்னத்தை நினைச்சுக்கொண்டு நிக்கிறாரோ, அதைச் செய்யிறம் எண்டு சத்தியம் பண்ணினால் காகம் இறங்கும். நானும் ஓமெண்டன். "காகம் எந்த வாக்குக்கு இறங்குதோ, அந்த வாக்கை அப்பர் ஏற்றதா அர்த்தம். பேந்து ஆரும் அதிலை மாறக்கூடாது." எல்லாருக்கும் கேக்கச் சத்தமாச் சொன்னன். நான்தான் சொன்னன். அதுதான் வினை.

முதல் தயாளன். "அப்பா, கொக்குவில் வீட்டு வளவை விக்கமாட்டன்." காகம் வரேல்லை. "அப்ப விக்கலாம் போலை" எண்டு வாய்க்குள்ளை சொன்னான். கெங்கா திங்கட்கிழமை விரதம் பிடிக்கிறன் எண்டாள். அவளின்ரை மனுசன் குடியைக் குறைக்கிறன் எண்டார். அதுக்கும் வரேல்லை, அப்பருக்கு மருமகனை நல்லாத் தெரியும். பேந்து நான் எழும்பி, சங்கத்திலை பேசுற மாதிரி நிறுத்தி நிதானமாச் சொன்னன். "அப்பா, ஊர்ப் பள்ளிக்கூடத்திலை உங்கடை பேரிலை ஒரு மேடை கட்டித் தாறன். மாபிள் கல்லிலை உங்கடை பேர், கீழை சின்னதா என்ரை பேர்." ஒரு காகத்தையும் காணேல்லை. மேடையைத் தம்பி! மாபிள் மேடையை!

கரவன் கதவடியிலை மலர் துவாயிலை கையைத் துடைச்சுக்கொண்டு நிண்டாள். விடியத்தொடக்கம் நிண்டது, ஆள் கொஞ்சம் ஆடினமாதிரிக் கிடந்தது. "நீரும் ஒண்டைச் சொல்லுமன். எல்லாரும் பசியோடை இருக்கினம்" எண்டன்.

"நான் என்னத்தைச் சொல்ல?"

"வாயிலை வந்ததைச் சொல்லுமப்பா."

அவள் கீழை இறங்கி வந்தாள். இலையைப் பாத்தாள். பேந்து மேலை பாத்து, அப்பருக்குச் சாப்பாடு குடுக்கேக்கை கதைக்கிற மாதிரி மெல்லமாத்தான் சொன்னாள். "மாமா, நாளையிலயிருந்து நான் சமைக்கமாட்டன்."

சொல்லி வாய் மூடேல்லை. எங்கையிருந்து வந்ததோ தெரியாது. பக்கத்துக் கரவன் கூரையாலை ஒரு காகம், நல்ல கறுப்பு, கொழுத்த காகம், விறுக்கெண்டு வந்து இலையிலை நிண்டுது. கத்தரிக்காய்ப் பால்கறியிலை கொத்திச்சுது. சோத்திலை கொத்திச்சுது. கடைசியா வடையைத் தூக்கிக்கொண்டு கூரைக்குப் போய், எங்களைப் பாத்துக்கொண்டு நிண்டு சாப்பிட்டுது.

எனக்கு அழுகை வந்திட்டுது தம்பி. அப்பர் வந்திட்டார், என்னோடை கோவமில்லை எண்டு கையெடுத்துக் கும்பிட்டன். கும்பிட்டு முடியத்தான் மண்டையிலை ஏறிச்சுது, அவள் என்ன சொன்னவள் எண்டு.

திரும்பிப் பாத்தால் மலர் ஒரு கோப்பையிலை சோத்தைப் போட்டுக்கொண்டு படியிலை இருந்து சாப்பிடுறாள். எங்கள் ஒருத்தருக்கும் பரிமாறேல்லை. முதல் ஆளாச் சாப்பிட்டாள். கையைக் கழுவினாள். அந்தச் சின்னப் பையை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கமா நடந்தாள். அந்தப் பக்கத்து வெள்ளைக்கார மனிசி கை தட்டினா. அவவுக்கு என்ன விளங்கிச்சுதோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

மிச்ச நாலு நாளும் கடையிலை வாங்கின சிப்ஸ்தான். நாலு தேங்காய் உடைக்காமலே திரும்பி வந்தது. மலர் காலமையும் பின்னேரமும் கடல். நான் ஒருநாள் கூப்பிடப் போனனான். கழுத்தளவு தண்ணியிலை நிண்டு, வதனியோடை என்னவோ சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். நான் கரையிலை சப்பாத்தோடை நிண்டு பாத்தன். இருபத்தொன்பது வருசத்திலை அவள் அப்பிடிச் சிரிச்சு நான் கண்டதில்லை. எனக்குப் பொல்லாத கோவம் வந்தது.

வீட்டை வந்தால் சரிவரும் எண்டு பாத்தன். வரேல்லை. "எந்த நாள் மட்டும் இந்தச் சத்தியம்?" எண்டு கேட்டால், "அது மாமாவுக்குத்தான் தெரியும்" எண்டுறாள். சண்டை பிடிக்கவும் இடமில்லை தம்பி. யோசிச்சுப் பாரும். அது சும்மா ஒரு காகம் எண்டு சொன்னால், அப்பர் வரேல்லை, சாப்பிடேல்லை, திவசம் வீண். அது அப்பர்தான் எண்டால், மலரின்ரை வாக்கை ஏற்றுப்போட்டார். எந்தப் பக்கம் போனாலும் எனக்குத்தான் அடி. ரெண்டு ஐயரைக் கேட்டன். "காகம் எடுத்ததோ? அப்ப பிதிருக்குத் திருப்தி, அதிலை கைவைக்காதையுங்கோ" எண்டார் முதல் ஐயர். இங்கிலாந்துக் காகம் கணக்கிலை வருமோ எண்டு மற்றவரைக் கேட்டன். அவர் கன நேரம் இருமினார். பேந்து நான் எடுத்தால் ஃபோனைத் தூக்கிறேல்லை.

ஒரு வருசம் தம்பி. பாண் வாட்டுறதிலை தொடங்கி, முட்டை பொரிச்சு, பருப்பு அடிப்பிடிச்சு, இப்ப எட்டுக் கறியிலை வந்து நிக்கிறன். ஆர் பாராட்டினது? ஒருநாள் என்ரை குழம்பைச் சாப்பிட்டுப் பாத்திட்டு, "பரவாயில்லை, புளியைக் குறையுங்கோ" எண்டாள். இருபத்தொன்பது வருசம் அவளின்ரை சமையலை நான் குறை சொல்லியிருப்பனோ? ஒண்டுமே சொன்னதில்லை. நல்லதெண்டும் சொன்னதில்லை, கெட்டதெண்டும் சொன்னதில்லை. அவ்வளவு பெருந்தன்மை.

இந்தக் கிழமை பாரும், மலர், வதனி, கெங்கா, மூண்டு பேருமாச் சேந்து அதே காம்பிலை ஒரு கரவன் எடுத்துக்கொண்டு போட்டாளவை. எங்களைக் கூப்பிடவுமில்லை. திதி இந்தக் கிழமைதான் வருகுதெண்டு தெரிஞ்சுதான் போனவை. வீட்டிலை வைச்சுப் படைக்கலாம். ஆனால் போன வருசம் அப்பர் வந்தது அங்கை. இந்த வருசம் இடத்தை மாத்தினால் மனுசன் எங்கை தேடி அலைவார்? அதைவிட, எனக்கு ஒரு திட்டம் இருக்கு. நேத்து மலருக்கு ஃபோன் எடுத்துச் சொன்னன். "நான் எல்லாம் சமைச்சுக்கொண்டு வாறன். நீர் அதே படியிலை நிண்டு, 'மாமா, நாளையிலயிருந்து நான் சமைக்கிறன்' எண்டு சொல்லும். காகம் இறங்கினால் பழைய வாக்கு முடிஞ்சுது. நியாயம்தானே?"

அவள் மாட்டன் எண்டு சொல்லேல்லை. "சரி, சொல்லுறன். காகம் வந்தால் வந்து சமைக்கிறன். வராட்டில்?" எண்டாள்.

"வராட்டில் நான் ஏதும் வாக்குக் குடுக்கிறன். மேடையோடை ஒரு தண்ணித் தாங்கியும்…"

"மேடையை விடுங்கோப்பா. மாமா கடைசியா உங்களிட்டை ஒண்டு கேட்டவரல்லோ. அதுக்கு உண்மையைச் சொல்லுங்கோ." ஃபோனை வைச்சிட்டாள்.

இதென்ன கதை? மலர் சாப்பிட்டவளோ எண்டு கேட்டார், ஓமெண்டன். அதிலை என்ன பொய்? அண்டைக்கு அவள் விடியத்தொடக்கம் ஆசுப்பத்திரியிலை அவருக்குப் பக்கத்திலைதான் நிண்டவள். எனக்குப் பிளாஸ்கிலை தேத்தண்ணியும் சீலைத்துண்டிலை சுத்தி நாலு ரொட்டியும் கொண்டுவந்தவள். நாலையும் நான்தான் சாப்பிட்டனான், நல்ல பசி. அவளும் எங்கையாவது சாப்பிட்டிருப்பாள்தானே? சாப்பிடாமலோ நிண்டிருப்பாள்? …எனக்கெப்பிடித் தெரியும் தம்பி, நான் கேக்கேல்லை.

அதோ கடல் தெரியுது. வந்திட்டம். இந்தப் பெரிய பானையை ஒருக்காப் பிடியும், மெள்ள, ஆட்டாதையும், பால்கறி ஊத்துப்பட்டுப்போடும். உப்புப் போட்டனோ எண்டும் நினைவில்லை, வாயிலை வைச்சுப் பாக்கவும் ஏலாது.

மெய்யே தம்பி, மூண்டு மணித்தியாலம் பக்கத்திலை இருந்தனீர், நான் கேக்கவே இல்லை. நீர் சாப்பிட்டனீரோ?

இல்லையில்லை, இதிலை தரேலாது, இது அப்பருக்கு. சும்மா கேட்டுப் பாத்தனான். ஒருத்தரையும் கேட்டுப் பழக்கமில்லை.